கலம் அடங்கிய பிறகு: விண்வெளித் தரவைக் காப்பவர்கள்

2009 ஆகஸ்ட் 29 அன்று, இந்திய நேரப்படி அதிகாலை 1.30 மணிக்கு, சந்திரயான்-1 கலத்துடன் இருந்த வானொலித் தொடர்பு அறுந்தது. அதற்கு முந்தைய சுற்றில் 12.25 மணிவரை கலம் அனுப்பியதைக் கர்நாடகத்தின் பியாலாலு நிலையம் வாங்கி வைத்திருந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. 312 நாள், 3,400-க்கும் மேற்பட்ட நிலவுச் சுற்றுகள் என்ற கணக்கோடு பயணம் முடிந்தது.

அந்தப் பயணத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு உலகுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். கலத்தில் இருந்த எம்3 என்ற கனிம வரைபடக் கருவியின் தரவைக் கொண்டு, நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயம் இருப்பதை அறிவித்த கார்லே பீட்டர்ஸ் குழுவின் ஆய்வுரை 'சயன்ஸ்' இதழில் வந்தது செப்டம்பர் மாதம். கலம் மௌனமாகி ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல், ஷுவாய் லீ என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் அதே கருவியின் பழைய தரவை மறுபடி எடுத்துப் படித்தார்கள். சூரிய ஒளி நேரடியாக விழாத துருவப் பள்ளங்களுக்குள், அக்கம்பக்கத்துச் சரிவுகளில் பட்டுச் சிதறிய மங்கலான ஒளியில், உறைந்த நீரின் கையெழுத்தைக் கண்டார்கள். 2020-இல் அதே தரவிலிருந்து இன்னொரு வியப்பு: காற்றும் மழையும் இல்லாத நிலவில், துருவேறிய இரும்பான ஹேமடைட். அடங்கிப்போன ஒரு கலம் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் புதுச் செய்தி சொன்னது.

இது தானாக நடப்பதில்லை. 2009-இல் வந்த எண்களை 2018-இல் ஒருவர் திறந்து, நம்பி, அதன்மேல் ஒரு முடிவைக் கட்ட வேண்டுமானால், இடையில் யாரோ அந்த எண்களைப் படிக்கத்தக்கதாக வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ யார், அவர்கள் செய்வது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நம் நாட்டில் ஏவுதல் நாளில் கட்டுப்பாட்டு அறையை எல்லாரும் பார்க்கிறோம். தரவுக் காப்பகத்தில் வேலை செய்பவர்களைப் பார்ப்பதில்லை. விண்வெளி ஆய்வில் நீண்ட நாள் நிற்பது அவர்கள் கை பட்டதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மைசூருவில் இருந்து பெங்களூருவுக்குச் சாலை வழியாகப் போகிறவர்கள் பிடதியைக் கடந்து போவார்கள். அந்தப் பகுதியில் பிரதான சாலையை விட்டு உள்ளே போனால் வருகிற கிராமம் பியாலாலு. அங்கே 18 மீட்டர், 32 மீட்டர் விட்டமுள்ள இரண்டு பெரிய தட்டு ஆன்டெனாக்கள் நிற்கின்றன. 2008 அக்டோபரில், சந்திரயான்-1 புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, இந்திய ஆழ்விண்வெளி வலையமைப்பு என்ற பெயரில் அது தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில் இருக்கிறது இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம்; துறையில் இருப்பவர்கள் ஐஎஸ்எஸ்டிசி என்பார்கள். சந்திரயான்-1, 2, 3, மங்கள்யான், அஸ்ட்ரோசாட், ஆதித்யா-எல்1 ஆகியவற்றின் அறிவியல் தரவு சேரும் இடம் அது. ஆய்வாளர்களும் மாணவர்களும் பதிவு செய்துகொண்டு தரவை இறக்கிக்கொள்ளும் 'பிரதான்' என்ற இணையவாசலும் அதனுடையது.

ஆன்டெனாவில் வந்து விழுவது படம் அல்ல. பூச்சியமும் ஒன்றுமாக ஒரு நீண்ட ஓடை. பல கருவிகளின் அளவீடுகள், கலத்தின் உடல்நிலைச் செய்திகள், வெப்பநிலை, மின்னழுத்தம் எல்லாம் அதில் கலந்து வரும். முதல் வேலை அதைப் பிரிப்பது. விடுபட்ட துண்டு எது, இரண்டு முறை வந்த துண்டு எது, சத்தத்தால் கெட்டது எது என்று பார்த்து, கருவி வாரியாக, நேர வரிசையில் அடுக்கினால் கிடைப்பது லெவல்-0. பிறகு ஒவ்வொரு கருவிக்கும் உரிய செயல்பாட்டு மையத்துக்கு அது போகிறது. கருவியை உருவாக்கியவர்கள் அங்கே அளவீட்டைத் திருத்தி, எண்களை உண்மையான இயற்பியல் அலகுகளாக மாற்றுவார்கள். அது லெவல்-1, அதற்கு மேலும் படிகள் உண்டு. திருத்தியது மறுபடி காப்பகத்துக்கு வந்து, சரிபார்க்கப்பட்டு, நிலையாக வைக்கப்படுகிறது.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சிக்கல் நேரம். கலத்தில் இருப்பது நம் கைக்கடிகாரம் மாதிரி மணி, நிமிடம் காட்டுவது அல்ல, ஓர் எண்ணி. துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும். வெப்பம் மாறினால் அதன் வேகம் மிகச் சிறிதளவு மாறும். மின்சாரம் ஒரு கணம் நின்று வந்தால் பூச்சியத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கலாம். அந்த எண் பூமியின் எந்த நொடிக்குச் சமம் என்று ஒருவர் அட்டவணை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிலவைச் சுற்றும் கலம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நகர்கிறது. நேரத்தில் ஒரு நொடி பிசகினால், படத்தில் உள்ள பள்ளம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்காரும்.

நேரம் தெரிந்தால் மட்டும் போதாது, கலம் அப்போது எந்தப் பக்கம் முகம் திருப்பியிருந்தது என்பதும் தெரிய வேண்டும். இங்கேதான் சந்திரயான்-1 தன்னைக் கவனித்தவர்களை வதைத்தது. நிலவின் அருகே இருந்த வெப்பத்தில் கலத்தின் விண்மீன் உணரிகள் 2009-இல் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. விண்மீன்களைப் பார்த்துத் தன் நிலையை அறியும் கண்கள் அவை. அந்த மே மாதம் சுற்றுப்பாதை 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு உயர்த்தப்பட்டது. தரவு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கருவி எங்கே பார்த்தது என்ற கணக்கு நம்பத்தக்கதாக இல்லை. கனிம வரைபடக் கருவியான எம்3-இன் குழு இதைச் சரிசெய்ய வேறு வழி தேடியது. நாசாவின் எல்ஆர்ஓ கலம் லேசர் கொண்டு அளந்த நிலவின் மேடுபள்ளங்களோடு தம் படங்களைப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு படப்புள்ளியும் நிலவின் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். அந்த எண்கள் படத்தோடு சேர்த்துக் காப்பகத்தில் வைக்கப்பட்டன. எம்3 நாசாவின் கருவி. அதன் தரவு அமெரிக்காவின் கோள் தரவு அமைப்பில் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. 2018-இல் துருவப் பள்ளங்களின் நிழலுக்குள் பனியைத் தேடியவர்கள், இது இன்ன பள்ளத்தின் நிழல்தான் என்று சொல்ல முடிந்தது அந்தச் சலிக்காத கணக்கால்.

அதனால்தான் சேமிப்பு என்ற சொல்லே இந்தத் தொழிலுக்குப் போதாது என்று தோன்றுகிறது. ஹார்ட் டிஸ்க் வாங்குவது எளிது. ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு விவரச்சீட்டு எழுதுவதுதான் பாடு: எந்தக் கருவி, எந்த நாள், எந்த நேரம், எந்த முறையில் இயங்கியது, எண்கள் எந்த வரிசையில் எழுதப்பட்டுள்ளன, எந்தத் திருத்தம் செய்யப்பட்டது, எது நம்பத்தக்கதல்ல. உலகம் முழுக்கக் கோள் ஆய்வுத் தரவுக்கு இப்போது பிடிஎஸ்4 என்ற ஒரே ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. சந்திரயான்-2 முதல் நம்முடைய நிலவுத் தரவும் அந்த ஒழுங்கில் இருக்கிறது. அதன் அடிப்படை விதி எளிமையானது. தரவைச் சாதாரண அட்டவணையாக, சாதாரண அடுக்காக எழுது, சுருக்கிப் பூட்டாதே, ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இருந்தால்தான் திறக்கும் என்ற நிலையில் வைக்காதே. ஐம்பது ஆண்டு கழித்து, இன்றைய மென்பொருள் எதுவுமே இல்லாத உலகில் ஒருவர் விவரச்சீட்டை மட்டும் படித்துவிட்டுத் தரவைத் திறக்க முடிய வேண்டும். பிறகு வெளி ஆய்வாளர்களை அழைத்து, இதைப் படித்து உங்களால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. முடியவில்லை என்றால் சீட்டைத் திருத்தி எழுத வேண்டும்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாசாவின் பழைய அனுபவம் பதில் சொல்லும். 1969-இல் அப்பல்லோ-11 நிலவில் இறங்கிய காட்சியின் மூலப் பதிவு இருந்த காந்த நாடாக்கள், பின்னாளில் நாடாத் தட்டுப்பாடு வந்தபோது அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவின் தேடல் 2009-இல் முடிவுக்கு வந்தது. மனித வரலாற்றின் மிக அதிகம் பார்க்கப்பட்ட காட்சிகளில் ஒன்றுக்கு மூலப்படி இல்லை. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் உயிர்த்தேடல் சோதனைத் தரவை இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஜோசப் மில்லர் என்ற ஆய்வாளர் கேட்டார். நாடா இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த முறையைப் படிக்க யாருக்கும் தெரியவில்லை, எழுதியவர்கள் பணியை விட்டோ உலகை விட்டோ போயிருந்தார்கள். அந்தச் சோதனையில் பங்குகொண்ட பட்ரீசியா ஸ்ட்ராட் பத்திரப்படுத்தி வைத்திருந்த அச்சுத்தாள்களிலிருந்துதான் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. நாடா எரியவில்லை, நனையவில்லை, திருடுபோகவில்லை. விவரச்சீட்டு மட்டும் இல்லை. அதனால் தரவே இல்லாமல் போனது.

இதற்கு எதிர்முனையில் நிற்கிறார் நான்சி எவன்ஸ். 1966, 67-இல் லூனார் ஆர்பிட்டர் என்ற ஐந்து கலங்கள் நிலவைப் படம் எடுத்தன. அந்தப் படங்களின் மூல நாடாக்கள் பல்லாண்டு கழித்து ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்கு வந்தபோது, அவற்றைத் தூக்கிப் போட எவன்ஸ் சம்மதிக்கவில்லை. கோள் தரவு அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். நாடாக்களைப் படிக்கத் தேவையான, ஆளுயர ஆம்பெக்ஸ் இயந்திரங்களையும் தேடிப் பெற்று, ஓய்வு பெற்ற பின் தம் வீட்டு வளாகத்திலேயே வைத்திருந்தார். 2007 வாக்கில் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் என்ற இருவர் அவற்றை வாங்கிச் சென்று, நாசாவின் ஏம்ஸ் மைய வளாகத்தில் மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் வைத்து உயிர்ப்பித்தார்கள். 1966-இல் நிலவருகே இருந்து எடுக்கப்பட்ட பூமியின் முதல் படம், 2008-இல், முன்பு யாரும் பார்த்திராத தெளிவோடு வெளிவந்தது. ஒரு பெண் தம் பணி ஆணைக்கு வெளியே நின்று 'முடியாது' என்று சொன்னதன் பலன் அது.

இந்த மனப்பான்மை நமக்கு அந்நியமானதன்று. மைசூருவையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அங்குள்ள அரசு கீழ்த்திசை நூலகத்துக்கு ஒரு பனையோலைக் கட்டைக் கொடுத்தார். நூலகராக இருந்த ருத்ரபட்டணம் சாமசாஸ்திரி அதைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதி மூடி வைத்திருக்கலாம். படித்தார். பல நூற்றாண்டுகளாக மேற்கோள்களில் மட்டும் தெரிந்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று 1905-இல் கண்டறிந்தார். 1909-இல் மூலத்தைப் பதிப்பித்தார். காப்பாளரும் கண்டுபிடிப்பாளரும் ஒரே ஆள். அதே ஊரில்தான் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இருக்கிறது. 1966-இல் உதகையிலிருந்து அங்கே போன தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பல இடங்களில் கல் உடைந்து, கோயில் திருப்பணியில் புதைந்து, மைப்படி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்த மைப்படியின் மதிப்பு, எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த ஆண்டு எடுத்தது என்று ஓரத்தில் எழுதிய கையைப் பொறுத்தது. படிகள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று நாம் வாதாடினோம், அது நியாயமான வாதம். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்ற கேள்விக்கும் அதே சூடு வேண்டும்.

தமிழ்நாட்டில் விண்வெளித் தரவுக் காப்பகம் என்று தேடினால், மலையேற வேண்டும். கொடைக்கானலில், 2,343 மீட்டர் உயரத்தில், ஒரு நூற்றாண்டுச் சூரியன் இருக்கிறது.

அந்த ஆய்வகம் பிறந்ததன் பின்னணி ஒரு பஞ்சம். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும், சூரியனை நாள்தோறும் கவனித்தால் மழை பொய்ப்பதை முன்னறியலாம் என்ற எண்ணம் அன்றைய அறிவியலாளர்களிடம் வலுத்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வான் ஆய்வகத்தின் பணி மலைக்கு நகர்ந்தது. 1899-இல் கொடைக்கானல் ஆய்வகம் நிறுவப்பட்டது. சார்லஸ் மிச்சி ஸ்மித் முதல் இயக்குநர். அடுத்து வந்த ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில், கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டார். அது இன்றும் அவர் பெயரால் எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. மழையை முன்னறியும் நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைத்தது: மேகம் விலகும் ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் எடு.

1904-இல் தொடங்கிய வெள்ளொளிப் படங்கள், கால்சியம் ஒளியில் 1904 முதல் 2007 வரை எடுத்த படங்கள், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியில் எடுத்தவை. முதலில் கண்ணாடித் தகடு, பிறகு ஃபிலிம். கால்சியம் படங்களுக்கு 46 சென்டிமீட்டர் சிடெரோஸ்டாட் கண்ணாடியும் 30 சென்டிமீட்டர் வில்லையும் நூறாண்டு மாறவில்லை. அறிவியலில் புதுக் கருவி வந்தால் பழையதைத் தூக்கிப்போடுவதே முன்னேற்றம் என்று நினைக்கிறோம். இங்கே மாறாமல் இருந்ததுதான் செல்வம். ஒரே கண்ணால் ஒன்பதுக்கும் மேற்பட்ட சூரியச் சுழற்சிகளைப் பார்த்த தொடர் உலகில் வேறெங்கும் அரிது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் கால்சியம் படத்தொடர் 1915-இல் தொடங்கி 1985-இல் நின்றது. கிரீனிச்சின் கரும்புள்ளித் தொடர் 1976-இல் நின்றது. கொடைக்கானலில் சூரியனைப் படம் எடுக்கும் பழக்கம் நிற்கவில்லை. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக அங்கே சூரியனைப் படம் பிடிக்கும் வேலையைச் செய்த குடும்பம் உண்டு. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, குவிமாடத்தைத் திறந்து, தகட்டைப் பொருத்தி, படம் எடுத்து, கழுவி, உலர்த்தி, உறையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதும் வேலை. அவர்கள் எழுதிய நேரம்தான் இன்றைய ஆய்வின் அச்சாணி.

ஏன் என்று சொல்கிறேன். சிடெரோஸ்டாட் கண்ணாடி சூரியனை ஒரே இடத்தில் நிறுத்தித் தரும், ஆனால் நாள் ஏற ஏறப் படம் தன் மையத்தைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிப் படத்தில் சூரியனின் வடதுருவம் ஒரு பக்கம், பத்து மணிப் படத்தில் வேறு பக்கம். எடுத்த நேரம் தெரிந்தால் எவ்வளவு திரும்பியது என்று கணக்கிட்டு நேராக்கலாம். உறையில் நேரம் தவறாக இருந்தால், அல்லது பின்னாளில் கணினியில் ஏற்றியவர் தவறாகப் படித்தால், சூரியன் சாய்ந்து நிற்கும். வடபாதியின் ஒளித்திட்டு நடுக்கோட்டுக்கு இறங்கும், தென்பாதியினது மேலேறும். ஒரு படத்தில் இது கண்ணுக்கே தெரியாது. நூறாண்டுப் படங்களைச் சேர்த்து, சூரியச் சுழற்சி அட்சரேகைகளில் எப்படி நகர்கிறது என்று வரையும்போது எல்லாம் கலங்கித் தெரியும். கொடைக்கானலின் கால்சியம் தொடரை ஆராய்ந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் இத்தகைய நேர, திசைப் பிழைகளைச் சுட்டிக்காட்டி 2019-இல் விரிவாக எழுதினார்கள். அதைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. தரவு திறந்திருந்ததால் பிழை தெரிந்தது, தெரிந்ததால் திருத்த முடிந்தது. பூட்டி வைத்த அலமாரியில் பிழைகள் பத்திரமாக இருந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் தகட்டின் வேதியியல். ஒளி இருமடங்கானால் தகட்டில் கருமை இருமடங்காகாது. எவ்வளவு கருமை எவ்வளவு ஒளிக்குச் சமம் என்று அறிய, தெரிந்த ஒளிகளைப் படிப்படியாகப் பதித்த ஒரு பட்டையைத் தகட்டின் ஓரத்திலேயே பதிப்பார்கள். தொடக்கக் காலத் தகடுகளில் அந்தப் பட்டை இல்லை. அவற்றுக்குச் சூரியனின் அமைதியான பகுதியையே அளவுகோலாகக் கொண்டு ஒப்பிட வேண்டியிருந்தது. இந்தப் பெரும்பணியை, பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஜகதேவ் சிங் முன்னின்று நடத்தினார். தகடுகள் ஒவ்வொன்றையும் சீரான ஒளிமேல் வைத்து, 4096 × 4096 படப்புள்ளிகளாக, 16 பிட் நுண்மையில் மறுபடி படம் எடுத்தார்கள். மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. கண்ணாடித் தகட்டை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, தூசி துடைத்து, வைத்து, எடுத்து, உறையில் எழுதியிருப்பதைப் படித்து எழுதி, அடுத்த தகட்டுக்குப் போவது.

இதே ஜகதேவ் சிங்தான் சூரியனின் வெளிவளையத்தை விண்வெளியிலிருந்து இடைவிடாமல் பார்க்கும் கருவி வேண்டும் என்று முன்மொழிந்தவர். அதுவே ஆதித்யா-எல்1 கலத்தின் முதன்மைக் கருவியான விஈஎல்சி ஆனது. தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. நிமிடத்துக்கு ஒன்று என்று நாளைக்கு 1,440 படங்கள் அனுப்பும்படி விஈஎல்சி வகுக்கப்பட்டது. கொடைக்கானலில் வானம் தெளிவாக இருந்தால் நாளைக்குச் சில படம். நூறாண்டுப் பழைய தகட்டை நேராக்கப் பாடுபட்டவரே நாளைய தரவுப் பெருக்கின் கருவியையும் கனவு கண்டார் என்பதில் எனக்கு வியப்பில்லை. பழைய தரவோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் புதுக் கருவி எதை விட்டுவிடக் கூடாது என்பது தெரியும்.

தரவை எப்போது வெளியே விடுவது என்பதில் காப்பாளர்களுக்கும் கருவிக் குழுக்களுக்கும் இடையே எப்போதும் ஓர் இழுபறி உண்டு. பத்தாண்டு உழைத்துக் கருவி செய்தவருக்கு முதலில் படிக்கும் உரிமை வேண்டும், அது நேர்மையான கோரிக்கை. மங்கள்யானின் முதலாண்டுத் தரவு, கலம் செவ்வாயை அடைந்து இரண்டு ஆண்டு கழித்து 2016 செப்டம்பரில் வெளிவந்தது. அஸ்ட்ரோசாட் 2015-இல் போனது. அதன் காப்பகம் பொதுவுக்குத் திறந்தது 2018-இல். சந்திரயான்-3 தரையிறங்கிய 2023 ஆகஸ்ட் 23-க்குச் சரியாக ஓராண்டில் அதன் தரவு வெளியிடப்பட்டது. ஆதித்யா-எல்1 தரவும், கலம் தன் இடத்தை அடைந்த ஓராண்டில், 2025 ஜனவரி 6 அன்று திறந்தது. காத்திருப்பு சுருங்கி வருகிறது. ஹபிள் தொலைநோக்கியின் காப்பகத்தில், பழைய தரவைக் கொண்டு எழுதப்படும் ஆய்வுரைகள் புதிதாக நேரம் கேட்டுப் பார்த்தவர்களின் ஆய்வுரைகளை மிஞ்சிவிட்டன. தரவு திறந்தால் இப்படித்தான் ஆகும்.

திறந்த காப்பகம் யாருக்கெல்லாம் வழிவிடும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்குப் பழகிய சான்று ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதிச் சிதறியது. எல்ஆர்ஓ எடுத்த படத்தொகுப்பை நாசா அந்த மாதம் 26-ஆம் தேதி பொதுவில் வைத்தது. மதுரையைச் சேர்ந்த, சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்ரமணியன், எந்த ஆய்வகமும் சாராமல், மோதலுக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தேடினார். முன்பு இல்லாத ஒரு சிறு வெண்புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். எல்ஆர்ஓ குழு புதிய படங்களோடு ஒப்பிட்டு, டிசம்பரில் அது சரி என்று உறுதி செய்தது. அவர் பார்த்த முன்படம் பல ஆண்டு பழையதாக இருந்தும், ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்ற கணக்கோடு அவருக்குக் கிடைத்தது. நாசா வெளியிட்ட விளக்கப்படத்தில் அவர் கண்டுபிடித்த சிதறலை 'எஸ்' என்ற எழுத்தால் குறித்து, பெயரும் சொன்னார்கள்.

நம்முடைய காப்பகமும் அப்படிப் பலன் தந்திருக்கிறது. முதல் முயற்சியில் 500 மீட்டர்க்கு 500 மீட்டர் என்றிருந்த இறங்கும் பரப்பு, சந்திரயான்-3-க்கு 4 கிலோமீட்டர்க்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிவாக்கப்பட்டது. அந்தப் பரப்பில் பாறையும் பள்ளமும் எங்கே என்று பார்க்கக் கைகொடுத்தவை, நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2-இன் நுண்படக் கருவி முப்பது சென்டிமீட்டர் அளவுத் துல்லியத்தில் எடுத்த படங்கள். தோற்றதாகச் சொல்லப்பட்ட பயணத்தின் தரவு அடுத்த பயணத்தை இறக்கியது.

பெயர் என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. சென்னை வான் ஆய்வகத்தில் நார்மன் போக்சனின் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டார். கண்டவர் யார் என்று அன்றைய பதிவில் எழுதியிருந்ததால்தான் இன்று நமக்கு அவரைத் தெரியும். அந்த ஆய்வகத்தில் இரவெல்லாம் எண் எழுதிய மற்ற உதவியாளர்கள் பலர் பெயரற்றுப் போனார்கள். இன்றைய நிலையும் பெரிதும் மாறிவிடவில்லை. நம் ஆய்வு நிறுவனங்களில் பதவி உயர்வு ஆய்வுரைகளின் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படுகிறது. விவரச்சீட்டு எழுதியவருக்கு, கடிகாரக் கணக்கைத் திருத்தியவருக்கு, பழைய டேப்பிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றிவிட்டு ஒவ்வொரு ஃபைலும் ஓர் எழுத்தும் மாறாமல் வந்ததா என்று சரிபார்த்தவருக்கு எந்த எண்ணிக்கையும் இல்லை. அறிவார்ந்த இளைஞர் ஒருவர் இந்த வேலைக்கு வந்தால், நல்லவர்கள் அவருக்குச் சொல்லும் அறிவுரை 'சீக்கிரம் வேறு பிரிவுக்குப் போய்விடு' என்பதாக இருக்கக் கூடாது. பத்தாண்டு ஒரே கருவியின் தரவோடு இருந்தவர் மனதில் இருக்கும் அறிவு எந்தச் சீட்டிலும் முழுதாக ஏறாது. அவர் போனால் அதுவும் போகும். வைக்கிங் நாடாக்களுக்கு நேர்ந்தது அதுதான்.

செய்யக்கூடியது கடினமானதும் அல்ல. பிடிஎஸ்4 விவரச்சீட்டிலேயே தரவை ஆக்கியவர்கள், பதிப்பித்தவர்கள் பெயர் எழுத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு தரவுத் தொகுப்புக்கு நிலையான அடையாள எண் தந்தால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வுரையும் அந்தப் பெயர்களை மேற்கோள் காட்ட வேண்டிவரும். கருவி எப்படி இயங்கியது, தரவு எப்படித் திருத்தப்பட்டது என்று மட்டுமே விளக்கும் கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழ்கள் இருக்கின்றன. காப்பகத்தில் பணி செய்பவர்கள் அவற்றில் முதல் பெயராக எழுத வேண்டும், அதைப் பதவி உயர்வுக் குழுக்கள் ஆய்வுரையாகவே எண்ண வேண்டும். பல்கலைக்கழக இயற்பியல் துறைகள் பிரதானிலிருந்தோ கொடைக்கானல் தொடரிலிருந்தோ ஒரு தரவை இறக்கி, அதில் பிழை தேடுவதையே முதுகலை மாணவருக்குத் திட்டப்பணியாகக் கொடுக்கலாம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருந்துகொண்டு 1923-ஆம் ஆண்டின் ஒரு சூரியப் படத்தில் நேரம் பிசகியிருப்பதைக் கண்டுபிடிக்கும் மாணவி, கொடைக்கானல் உறையில் அந்த நேரத்தை எழுதியவரோடு சேர்ந்து வேலை செய்கிறாள். அவள் அனுப்பும் திருத்தத்தை வாங்கிப் பதிந்து, பழைய பதிப்பையும் அழிக்காமல் வைத்து, புதிய பதிப்பில் அவள் பெயரையும் எழுத ஒருவர் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.